அமுதா அக்காவுக்கு, ஃப்ரைட் ரைஸ் விஷயமாக

கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன், ஆனாலும் என் அமுதா அக்காதானே நீ,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் எட்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான், போய்விட்டாய். இப்போது பங்குனி வெயில். மடுகரையில் எல்லாம் நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. நெல் அறுத்து மூட்டை போட்டாயிற்று, கரும்பு லாரி வந்து போகிறது, நம் தெருக் குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது. அடுப்பங்கரையில்தான் ஆள் குறைந்துவிட்டது. இந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் இடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நான் ஒருத்தி நிற்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். "சித்திரை பொறக்கட்டும்டி சுமதி, நீ ஓசூருக்குக் கெளம்பு. எங்கொழுந்தன்கூடப் போயி ஒழுங்காக் குடும்பம் பண்ணு. இந்த வூட்ட நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது யார்? நீதானே? கல்யாணமாகி மூன்று வருஷமாக அவர் ஓசூர் கம்பெனியில், நான் இங்கே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் முகத்தைப் பார்க்கிறேன். மாமனாரிடம் எனக்காகப் பேசிச் சம்மதம் வாங்கியதும் நீதான். வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் நீ கிளம்பிவிட்டாய். இது எந்த ஊர் நியாயம் அக்கா?

உன் கொழுந்தன் தினமும் டீ நேரத்தில் போன் பண்ணுகிறார். "ரூம் பாத்தாச்சு சுமதி, பெரிய ஜன்னல் இருக்கு, கேஸ் அடுப்புகூட வாங்கிட்டேன், எப்ப வர?" என்கிறார். நான் என்ன சொல்வேன்? மாமனாருக்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும். உன் வீட்டுக்காரர் கழனியிலிருந்து வந்தால் தட்டின் முன்னால் உட்காருவார், வைத்ததைத் தின்பார், எழுந்து போவார். டீ போடக்கூடத் தெரியாத மனிதர். தெருவில் உள்ளவர்கள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சின்ன மருமவ இருக்கா, அந்த வூட்டுக்கு இன்னா கொறச்சல்?" என்கிறார்கள். அதைக் கேட்டாலே குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

இவர்களையெல்லாம்கூட விட்டுவிட்டுப் போய்விடுவேன். உன் பெண்ணை என்ன செய்வது? யாழினிக்கு எட்டு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு இளைத்துவிட்டாள். பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்புகிறேன். இட்லி வைத்தால் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "இன்னாதான்டி வேணும் உனக்கு?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "அம்மா செய்ற ஃப்ரைட் ரைஸ்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் நீ அதைச் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கேரட்டும் பீன்ஸும் நறுக்கியவள் நான். நறுக்கினேனே தவிர உன் கடாயை ஒருநாளாவது ஒழுங்காகப் பார்த்தேனா? வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து, உலையிலிருந்து வடித்த சோற்றை ஆவி பறக்கக் கொண்டுபோய் எண்ணெயில் கொட்டினேன். அடக் கடவுளே, ஃப்ரைட் ரைஸா அது? கேரட் போட்ட கூழ். யாழினி கரண்டியை நட்டு வைத்துப் பார்த்தாள், கரண்டி அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் கடைசியாகச் சிரித்தாள்.

கடையில் ஒரு கிலோ பாசுமதி வாங்கிவரட்டுமா என்று மாமனாரைக் கேட்டேன். "நெல்லு வெளையற வூட்ல கடையில அரிசி வாங்கியாந்தா ஊரு சிரிக்கும்மா" என்றார். அதோடு நிறுத்தாமல் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பேசினார். "நீ எதுக்குக் காத்துக் கெடக்கறனு எனக்குத் தெரியாம இல்ல. புள்ள வாய்க்குச் சோறு எறங்கட்டும். அவ ஒழுங்கா சாப்புட ஆரம்பிச்ச அன்னைக்கே நீ கெளம்பு. நான் வாணாம்னு சொல்ல மாட்டேன்." என் ஓசூர் பயணம் உன் பெண்ணின் வாயில் வந்து நின்றது அப்படித்தான் அக்கா. அதற்கப்புறம் எனக்கு அந்த ஃப்ரைட் ரைஸைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

முதல் நாள் சோறாக இருந்தால் உதிரியாக வரும் என்று யாரோ சொன்னார்கள். சரி, ராத்திரி மிஞ்சியதை எடுத்து வைக்கலாம் என்று முடிவு பண்ணினேன். காலையில் பானையைத் திறந்தால் சோறு தண்ணீரில் மிதக்கிறது. வேறு யார் ஊற்றியது? நான்தான்! பிறந்த வீட்டில் பழகிய கை, மிஞ்சின சோற்றைக் கண்டால் தானாகச் சொம்பைத் தூக்கிவிடுகிறது. ஒருநாள் இல்லை, மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் பானை மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். மாமனார் விடிகாலையில் எழுந்து, குழவியை இறக்கி, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார். "மறந்துட்டியேம்மா, நான் ஊத்திட்டேன்" என்று பெருமையாக வேறு சொன்னார். அழுவதா சிரிப்பதா? இந்த வீட்டில் ஒரு பிடி சோறுகூடக் காய்ந்த சோறாக இருக்க முடியாது போலிருக்கிறது.

அப்புறம் ஒரு சாயங்காலம், யாழினிக்கு டானிக் வாங்க மதகடிப்பட்டு போனபோது, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டிக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்குப் பார்சல் வாணாங்க. நான் செஞ்சா கொழஞ்சி போவுது. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"புது அரிசியாக்கா?"

"எங்க நெலத்து அரிசி. தையில அறுத்தது."

"அது கொழையாம இன்னா பண்ணும்? போன வருசத்து அரிசி இருந்தா எடுங்க. முக்கா வேக்காட்டுல வடிச்சி, ஒரு ஸ்பூன் எண்ணெ விட்டு, தாம்பாளத்துல பரப்பி ஃபேன் காத்துல நல்லா ஆறப் போடுங்க. ஒன்னோட ஒன்னு ஒட்டக்கூடாது. வறுக்கறப்ப ஒரு ஆளுக்கு ஒரு தடவைனு வறுங்க. மொத்தமாக் கொட்டினா கடாய் சூடு எறங்கிடும்." சொல்லிக்கொண்டே இருந்தவர் நிறுத்தி, "எந்த ஊரு, மடுகரையா? அங்கேர்ந்து ஒரு அக்கா மூணு தடவ வந்து இதையேதான் கேட்டாங்க. இப்ப ஆளையே காணோம்" என்றார்.

அடிப் பாவி அக்கா! "நானே கண்டுபுடிச்சேன்டி" என்று என்னிடம் எப்படிப் பீற்றிக்கொண்டாய்! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மடுகரை வந்து இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினேன். நீ இல்லை என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை நகர்த்தினால், எல்லாவற்றுக்கும் அடியில் போன வருஷத்து அரிசி அரை மூட்டை. எலிக்குப் பயந்து அடியில் போட்டிருக்கிறேன் என்று மாமனாரிடம் நீ கதை விட்டது இந்த மூட்டையைப் பற்றித்தானே? எலிக்கா, ஃப்ரைட் ரைஸுக்கா?

இந்தச் சனிக்கிழமை காலையிலேயே வடித்துப் பரப்பிவிட்டேன். மாமனார் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தாம்பாளத்துக்குக் காவல் நின்றேன். மத்தியானம் இரும்புக் கடாயைப் புகை வரும்வரை காயவைத்து, முட்டையைக் கிளறித் தனியே எடுத்தேன். பூண்டு, பிறகு மெல்லிசாக நறுக்கிய கேரட், பீன்ஸ், கோஸ். தீயைக் குறைக்கவே இல்லை. காய் கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே ஒரு ஆள் சோற்றைப் போட்டு, கரண்டியால் அமுக்காமல் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டினேன். உப்பு, மிளகுத்தூள். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரத்தில் விட்டேன், சுர்ரென்றது. முட்டையைச் சேர்த்து, வெங்காயத்தாளைத் தூவி இறக்கினேன். உன் வாசனை அக்கா. சத்தியமாக அதே வாசனை. உன் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றுவிட்டார்.

யாழினி இரண்டு வாய் சாப்பிட்டாள். கண் விரிந்தது, நான் பார்த்தேன். அவ்வளவுதான், ஓசூர் ஜன்னலே திறந்த மாதிரி இருந்தது எனக்கு. மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. "நல்லால்ல சித்தி" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உன்மேல், அவள்மேல், அந்தக் கடாய்மேல். மாடிக்குப் போய் துணி எடுக்கிற சாக்கில் அழுது தீர்த்துவிட்டு இறங்கினேன். அடுப்பங்கரையில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் உன் பெண் கடாயை மடியில் வைத்துக்கொண்டு, கை நிறைய அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருக்கிறாள். மெல்லக்கூட இல்லை. அப்படியொரு பசி.

"நல்லால்லனு சொன்ன?"

"நல்லாதான் இருக்கு சித்தி. அம்மா பண்ண மாதிரியே இருக்கு."

"அப்புறம் இன்னாடி?"

"நான் சாப்ட்டா நீ போய்டுவ. தாத்தா உங்கிட்டச் சொன்னத நான் கேட்டேன்."

அக்கா, இத்தனை நாளாக நீ இல்லாத ஏக்கத்தில்தான் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். என்னைப் பிடித்து வைக்கவும் இந்தக் குழந்தை வயிற்றைக் காயப்போட்டிருக்கிறது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்லட்டும் அவளுக்கு? போக மாட்டேன் என்றா? எனக்கு வாய் வரவில்லை. போவேன் என்றா? அதற்கும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமனார் தூங்கி எழுந்து வந்தார். "இன்னாம்மா, இன்னைக்காவது சாப்ட்டாளா?" என்றார். யாழினி மோவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "இல்ல மாமா" என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு விடுதலை. அவள் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாப்போம், பாப்போம்" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.

நாளைக்கு அந்தப் பொய்யை உடைக்கப்போகிறேன். அவளையும் என்னோடு ஓசூருக்கு அனுப்புங்கள் என்று உன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கப்போகிறேன். அவருக்கும் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? முடியாது என்று சொன்னால் நான் என்ன செய்வேன், இந்த அடுப்போடு நின்றுவிடுவேனா? எனக்குத் தெரியவில்லை அக்கா, தெரிந்த மாதிரி உன்னிடம் நடிக்கவும் மாட்டேன். ஒன்றை மட்டும் உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். நான் இங்கே இருந்தாலும் சரி, போனாலும் சரி, உன் பெண் இனி ஒருநாளும் ஒளிந்து சாப்பிட மாட்டாள்.

உன் ஓரகத்தி,
யாழினியின் சித்தி,
சுமதி