வெறும் வயிற்று மாத்திரை

மார்ச் 4

ரிப்போர்ட் வந்துவிட்டது. குட்டியின் சிறுநீரகம் அதே மந்தத்தில்தான். ஆனால் பாஸ்பேட் நார்மல்! நான்கு மாதமாகப் பாஸ்பேட் அதிகமுள்ள பாலையும் சீஸையும் ஒளித்து வைத்ததற்குப் பலன். இவரிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். "இன்னிக்காவது தூங்குவியா?" என்றார். "அப்போ ஒரே ஒரு துண்டு சீஸ்?" என்று குட்டி கண்ணை உருட்டினாள். எட்டு வயதுக்கு என்ன பேரம்! கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5

மறுபடி கால் வலி என்கிறாள். கதவு நிலையில் நவம்பரில் போட்ட பென்சில் கோடு. உச்சந்தலை இன்னும் அங்கேயேதான். நார்மல் என்றால் ஏன் வளரவில்லை?

மார்ச் 7

டாக்டர் ரிப்போர்ட்டில் பாஸ்பேட்டுக்கு அடுத்த வரியைப் பார்த்தார். கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பியின் ஹார்மோன், இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு.

"எண் சரியாத்தாம்மா இருக்கு. அதைச் சரியா வச்சிருக்க உடம்பு படுற பாடுதான் சரியில்ல."

பாஸ்பேட் தேங்கப் பார்த்தால் எலும்பே ஒரு ஹார்மோனை அனுப்பி, 'வெளியே தள்ளு' என்று சிறுநீரகத்தை விரட்டுமாம். இந்தக் கழுத்துச் சுரப்பியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்தச் சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தையும் உருவிவிடும். வளர வேண்டிய எலும்பிலிருந்து.

"பாஸ்பேட்டக் குறைக்க எழுதிக் குடுத்த மாத்திரைய எப்ப குடுக்கறீங்க?"

பெருமையாகச் சொன்னேன்: "சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல. அலாரம் வச்சு. ஒரு வேளைகூட தவறினதில்ல."

பேனாவை வைத்துவிட்டார். "சாப்பாட்டுல இருக்குற பாஸ்பேட்டைக் குடல்லயே பிடிச்சு வெளியே கூட்டிட்டுப் போற மாத்திரைம்மா அது. பஸ் வர்றதுக்கு முன்னாடியே கண்டக்டர் வந்துட்டுப் போனா எப்படி?"

என் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அதே பழக்கத்தில் அவளுக்கும்... சீட்டுல 'சாப்பாட்டுடன்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. காலேஜ் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்? நாலு மாசம்!

"தெரிஞ்சா செஞ்ச? முதல்ல அந்த அலாரத்த நிறுத்து" என்றார் இவர்.

மார்ச் 19

இரண்டு வாய் சாப்பாடு, மாத்திரை, மீதிச் சாப்பாடு. "சாக்பீஸ் மாதிரி இருக்கு, நீ தின்னு பாரு" என்கிறாள். தின்று பார்த்தேன். சாக்பீஸேதான்.

அக்கா போனில், "நீ எப்படிடி இருக்க?" என்றாள். "நார்மல்" என்றேன். சொன்னதும் அந்த வார்த்தை உறுத்தியது. அப்புறம் அரை மணி நேரம் அழுகை. அவள் போனை வைக்கவில்லை.

ஜூன் 11

ஹார்மோன் பாதியாக இறங்கியிருக்கிறது. "இப்படியே போகட்டும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் குட்டியைக் கதவு நிலையோடு நிற்க வைத்தேன். "குதிகால தூக்காதடி!" "தூக்கலம்மா, நல்லா பாரு!" குனிந்து பார்த்தேன், தூக்கவில்லை. பழைய கோட்டுக்கு மேலே புதுக் கோடு. ஸ்கேலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

அரை சென்டிமீட்டர்.