பொது உரல் பற்றிய தீர்மானம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் இப்போது மடங்குகிறதா? ரயோங்கில் எங்கள் அன்னாசி ஆலையின் மகளிர் விடுதி ஞாயிறன்று கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. நான் இனிப் பொது உரலில் பப்பாளிக்காய் இடிக்கலாம்.

பயப்படாதீர்கள், எனக்கு நோய் ஒன்றுமில்லை. எய்ட்ஸ் தடுப்பூசி பலிக்கிறதா என்று சோதிக்கிறார்கள், நானும் போட்டுக்கொண்டேன். அதில் உயிருள்ள கிருமி கிடையாது. உரலுக்குத்தான் அது தெரியாமல் இருந்தது, அதனால் இத்தனை நாள் என்னைத் தொடவிடவில்லை.

எங்களில் மூத்தவளான லம்துவான் அக்கா கேட்டாள்: "சீக்கு இல்லாதவ எதுக்குடி ஊசி போட்டுக்கிறா? யார்கிட்ட கதை விடுற?"

"விகாரைக் கூரைக்குப் பேர் எழுதி ஓடு குடுத்தியேக்கா, அதுக்கடியிலயா படுத்துக்கப் போற?" என்றேன்.

"அது புண்ணியம்டி."

"இதுவும் அதான். என் ஓடு இந்தக் கை."

அக்கா உரலை என் பக்கம் நகர்த்தினாள். நான் இடித்ததை விடுதியின் பதினாலு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஒரு புட்டி புளித்த மீன் அனுப்புங்கள். உடையாமலிருக்க உங்கள் பழைய துணியில் சுற்றுங்கள், துவைக்க வேண்டாம். ஆலை வண்டி வந்துவிட்டது.

மகள்,
புவாலா

பி.கு.: செவ்வாயன்று ஆறு பேர் ஊசிக்குப் பெயர் கொடுத்தார்கள். லம்துவான் அக்காவை வயது அதிகமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.