மேகம் கேட்கும் குரல்

பெரியவனின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். எழுதப்போவது:
1. என் உடல்நிலை
2. வேலையில் ஒரு வேடிக்கை
3. பயப்பட ஒன்றுமில்லை என்பது
4. நீ அனுப்ப வேண்டியவை

நான் நலம், இருமல் மட்டும் உண்டு. இந்த விமான நிலையத்தில் விமானிகளுக்கு மேகநிலையைப் பிரெஞ்சில் சொல்வதுதானே என் வேலை. மேகம் சிதறிக் கிடந்தால் ‘எபார்’, வானமே மூடிவிட்டால் ‘கூவேர்’. நேற்று வானொலியில் ஒரு விமானி மேகநிலை கேட்டார். ஜன்னல் வழியே பார்த்து ‘எபார்’ என்றேன்.

“இங்க கூவேர்தான் ஐயா. ஒண்ணுமே தெரியல” என்றது குரல்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். “பெருசு, காலையிலேர்ந்து மேல ஒரு விமானமும் இல்ல. காதுல பஞ்சு வைங்க.”

இன்றும் அதே குரல். “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னேன். நாள் முழுக்க என்னிடம் பேசியது அது ஒன்றுதான். அதிகாரிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், யாரிடமும் சொல்லாதே.

பழைய மப்ளரை அனுப்பு. நீ ஏதாவது பேசிப் பதிவு செய்தும் அனுப்பு, திட்டினாலும் சரி.

அவசரமாக முடிக்கிறேன், குரல் மறுபடி கூப்பிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே இப்போது எனக்கும் ஒன்றுமே தெரியவில்லை. மேலே பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.