தென்னைக்குப் போட்ட உப்பு

இன்று காலை கிளினிக்கில் தாதிப் பிள்ளை என் கையில் அந்தக் கறுப்புப் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். றப்பர் மணம் மூக்கில் ஏறியதும், இல்லாமல் போன நீங்கள் வந்து பக்கத்து வாங்குப் பலகையில் இருந்துவிட்டீர்கள்.

"அம்மா, பிரசர் நல்லாக் கூடிப்போச்சு. உப்பை விட வேணும். குடும்பத்திலை ஆருக்கும் இருந்ததோ?"

"என்ரை மனிசனுக்கு இருந்தது பிள்ளை."

"அது கணக்கில்லை அம்மா. ரத்த உறவைத்தான் கேக்கிறன்," என்று சிரித்தாள்.

உங்களோடு அத்தனை காலம் ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றது கணக்கில்லையாம். கேட்டீர்களா கதையை!

முரசுமோட்டை வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற நீங்கள் தலை சுற்றி விழுந்தது எழுபதுகளின் கடைசியில். மண்வெட்டியைப் பிடித்தபடியே சேற்றில் கிடந்தீர்கள். பிரசர் என்றார்கள், பாரமான வேலை கூடாது என்றார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. உழைப்பதற்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியுமா?

அப்போதுதான் பரந்தன் அண்ணர் வந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் உங்களோடு பாலைவனத்தில் லொறி ஓட்டிய சிநேகிதர். சண்டையில் விரல் போனதற்காக அவருக்குச் சீமையிலிருந்து பென்சன் வந்துகொண்டிருந்தது.

"நீயும் கேளடா. பட்டாளத்திலை வந்த நோய் வருத்தம் எண்டு காட்டினால் தருவாங்கள்."

"உனக்கு விரல் போச்சு, கையை நீட்டினால் தெரியும். நான் என்னத்தை நீட்டிக் காட்டுறது?" என்றீர்கள்.

ஆனாலும் விடவில்லை. குண்டு விழுகிற பாதையில் லொறி ஓட்டிய நாள்களில் தொடங்கிய தலையிடி, அங்கேயே பட்டாள வைத்தியர் பிரசர் என்று சொன்னது, எல்லாவற்றையும் நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணர் இங்கிலீசில் எழுதி அனுப்பினார். உங்களுக்கு அது காசுக் கதை மட்டுமில்லை. 'இந்த வருத்தம் எங்கடை சண்டையிலை வந்ததுதான்' என்று அவர்கள் ஒருதரம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றீர்கள். வவுனியாவில் ஒரு டொக்டரிடம் காட்டும்படி பதில் வந்தது. போகவேண்டிய நாள் வைகாசி மாதத்தில்.

அதற்குப் பிறகு செய்தீர்களே ஒரு வேலை! வற்றாப்பளைக் கோயில் அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தீர்கள்.

"இஞ்சேரும், அம்மாளாச்சி கடல் தண்ணியிலை விளக்கு எரிக்கிறா. அவவிட்டை ஒண்டு கேக்கிறதெண்டால் உப்பைத்தானே விட வேணும்? டொக்டரிட்டைப் போய் வருமட்டும் எனக்கு உப்பு வேண்டாம்."

நேர்த்தி என்றால் மறுபேச்சு உண்டா? நானும் தலையாட்டினேன். தைப்பொங்கலோடு தொடங்கியது உப்பில்லாத சோறும் உப்பில்லாத சொதியும். பக்கத்து வீட்டு வளவில் கருவாடு பொரிக்கிற மணம் வந்தால் மெல்ல எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். பாவமாயும் இருந்தது, சிரிப்பாயும் இருந்தது. வைகாசிப் பொங்கலுக்குப் போய், முல்லைத்தீவுக் கடலில் அள்ளி வந்த தண்ணீரில் விளக்கு நின்று எரிவதைப் பார்த்துக் கண்கலங்கினீர்கள். "அம்மாளாச்சி கைவிடமாட்டா," என்றீர்கள்.

அவ கைவிடவில்லை. வவுனியாவில் டொக்டர் இந்தக் கையில் பார்த்தார், அந்தக் கையில் பார்த்தார், படுக்க வைத்தும் பார்த்தார்.

"ஐயா, என்ன மருந்து எடுக்கிறியள்?"

"மருந்தொண்டும் இல்லை. நேர்த்திக்கு உப்பை விட்டிருக்கிறன்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். "நீங்கள் உப்பை விட்டியள், பிரசர் உங்களை விட்டிட்டுது. இண்டைக்கு இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். நல்ல சுகமா இருக்கிறியள் ஐயா."

சுகமாய் இருக்கிறாய் என்று கேட்டு ஒரு மனிதன் இடிந்துபோனதை அன்றைக்குத்தான் கண்டேன். பஸ்ஸில் ஓமந்தை தாண்டும்வரை யன்னலால் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பிறகு, "தாயிட்டைக் கேட்டது ஒண்டு, தாய் தந்தது வேறை ஒண்டு," என்றீர்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

பென்சன் இல்லை என்று சீமையிலிருந்து கடிதம் வந்ததும் பரந்தன் அண்ணர் சைக்கிளில் ஓடி வந்தார். கையில் கருவாட்டுப் பொட்டலம். "திரும்பப் பாக்கச் சொல்லிக் கேப்பம். போறதுக்கு முன்னம் கருவாடும் ஊறுகாயுமாத் திண்டுகொண்டு போ. கொதிப்புத் தன்ரை பாட்டிலை ஏறும்."

நீங்கள் மறுக்கவில்லை. மறுநாள் குசினிக்குள் வந்து உப்புப் பானைக்குள் கை வைத்தீர்களே, அப்போது எனக்கு வந்த கோபம்! பானையைப் பறித்துக்கொண்டு வளவுக்குள் ஓடினேன். ஆனையிறவு உப்பு, கல்லுக் கல்லாய், அவ்வளவையும் தென்னையின் அடியில் கொட்டினேன். கருவாட்டை நாய் தின்றது.

"விசரே உமக்கு? பென்சன் இல்லாட்டில் வயல் போகப் போகுது!"

"போகட்டும்! நீங்கள் விழுந்து கிடந்ததை நானெல்லோ பாத்தனான். தலை வெடிச்சுச் செத்தால் பென்சனை ஆர் வாங்கித் தின்னுறது? எனக்குச் சீமைக் காசு வேண்டாம். நீங்கள்தான் வேணும்."

கலியாணம் கட்டி அவ்வளவு காலத்தில் அப்படியொரு வார்த்தையை நான் சொன்னதில்லை. நீங்கள் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "தென்னைக்கெண்டாலும் பிரசர் வரட்டும்," என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனீர்கள். மேற்கொண்டு ஒன்றும் எழுதிக் கேட்கவில்லை.

அதன் பிறகு எத்தனை போகம் விதைத்தீர்கள்! பாதி வயலைத்தான் குத்தகைக்குக் கொடுத்தோம். மற்றப் பாதியை ஆறுதலாக, மெல்ல மெல்ல, இருந்து எழும்பி நீங்களே செய்தீர்கள். நானும் கூட நின்றேன். உங்கள் பங்குக் கறியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு உப்புப் போட்டு நான் சாப்பிடுவேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை எண்டுவினம். நீர் என்னை மட்டும் குப்பையிலை போடேல்லை," என்று பகிடி விடுவீர்கள். எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசிப் பனியில் வந்த சளிச்சுரம்தான் உங்களைக் கொண்டுபோனது. பிரசர் இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வீம்பு உண்டு.

இன்று கிளினிக்கில் இருந்து வந்ததும் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போனேன். நீங்கள் போன பிறகு வந்த சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, இந்தத் தென்னை நின்றது. கொட்டிவிட்டு வந்து, உப்புப் போடாமல் ஒரு பருப்பும் சொதியும் வைத்தேன்.

சோற்றில் விட்டுக் குழைத்து முதல் வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் உங்கள் பங்கை நான் ஒருதரமும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை, தெரியுமா?

இதையா சாப்பிட்டீர்கள்? நாளுக்கு நாள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடும்," என்று கேட்டு?