நெட்டுக்குப்பத்தில் நான் காத்த வரிசை

ராயபுரம்,
பிப்ரவரி 22.

என் அன்பு மகள் பெர்சிஸுக்கு, அம்மா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நம் பிளாஸ்டிக் சாமான் கடையும் நின்ற இடத்தில் நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வின்னிபெக் பனியில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் பாஸ்டர் ஜெகதீசனுடைய தம்பி சனிக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு சபையோடு ஒரு மாசம் ஊழியத்துக்குப் போகிறேன் என்றபோது நீ என்ன சொன்னாய், நாலு நாளுக்கு மேல் கடையை விட்டு உன்னால் இருக்க முடியாதும்மா என்றாய். நீ மட்டுமா, பக்கத்துக் கடை ரஷீது பாய், இன்னா ஹில்டாம்மா, சாமிக்கே மொத்த வெலையில கொடம் போடப் போறீங்களா என்று கேட்டுச் சிரித்தார். உங்கப்பா கடைச் சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார், அதிலேயே அவர் சந்தோஷம் தெரிந்தது. பாஸ்டரையும் சேர்த்து ஏழு பேர் கிளம்பினோம். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நம் சபையின் சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது, அதையொட்டிய கூடத்தில் பாய் விரித்துத் தங்கினோம். காலையில் தெருவைப் பெருக்குவது, பிள்ளைகளுக்குப் பாட்டும் பாடமும், மாலையில் ஜெபம், இருபத்திரண்டாம் நாள் கண் முகாம், இதுதான் திட்டம். முகாமுக்கு அறுபது பேராவது பெயர் கொடுத்தால்தான் டாக்டர்கள் வண்டி வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். பெயர் எழுதும் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு நாளில் நாற்பத்து மூன்று பேர் எழுதிவிட்டேன், பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை, தெருமுனையைப் பெருக்கப் போனேன். அங்கே அறுபத்து நாலு பிளாஸ்டிக் குடம் கோணல்மாணலாக நின்றது, நடுவில் ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு, உடைந்த வாளி. இருபத்தைந்து வருஷம் கடையில் சாமான் அடுக்கின கை சும்மா இருக்குமா. நீலத்தை நீலத்தோடு, பச்சையைப் பச்சையோடு, மஞ்சளைத் தனியாக, சுவரோரம் வரிசையாக வைத்து, செருப்பையும் செங்கல்லையும் குப்பைக்கூடையில் போட்டு, இரண்டடி பின்னால் நின்று நம் கடை முகப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பெர்சிஸ், நான் யார், தலையில் கூடை வைத்துத் தண்டையார்பேட்டைத் தெருத்தெருவாகப் பழைய புடவைக்குக் குடம் மாற்றினவள். தண்ணி லாரிக்கு இடம் பிடித்து வைத்த குடத்தைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு ஒரு குடம் வரிசையில் நிற்கும், குடம் இல்லாதவர்கள் செருப்போ கல்லோ வைப்பார்கள், லாரி வந்ததும் அந்த இடத்தில் அவரவர் மற்றக் குடங்களோடு வந்து நிற்பார்கள். வீட்டில் மோட்டார் போட்டு இருபது வருஷம் ஆனதில் எல்லாம் மறந்து போயிற்று. நான் அழகு பார்த்துக்கொண்டு நிற்கும்போதே லாரி வந்து நின்றது.

அப்புறம் நடந்ததை எழுதவே கூசுகிறது. யாருக்கு எந்த இடம் என்று தெரியாமல் ஒருத்தி கூந்தலை ஒருத்தி பிடித்தாள், பாதித் தண்ணீர் தெருவில் போனது, டிரைவர் பயந்து லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதல் இடத்தில் குடம் வைத்திருந்தவள் புஷ்பவல்லி, மீன் விற்கிறவள், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், குரல் மட்டும் படகுத்துறை வரைக்கும் கேட்கும். அன்று அவள் வீட்டில் பேத்திக்கு வளைகாப்பு, பந்தல் போட்டு ஆள் வந்து இறங்கியாகிவிட்டது, வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நீங்கோ ஜெபம் பண்ண வந்தீங்களா, எங்க வரிசைய கலைக்க வந்தீங்களா, நாங்க கேட்டமா உங்கள, என்று அவள் எங்கள் ஏழு பேரையும் பார்த்துக் கேட்டாள். மத்தியானத்துக்குள் ஒவ்வொருத்தியாக வந்து எம்பேர அடிச்சிடு என்று சொல்ல, நான் என் கையாலேயே நாற்பத்து மூன்று பெயரையும் அடித்தேன். பஞ்சாயத்துத் தலைவர் சுப்புராயன் சாயங்காலம் வந்து, கோபமே இல்லாமல், ஞாயித்துக்கெழம பூசைய முடிச்சிகினு கெளம்பிடுங்க, பேஜாரு வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள்கூட ஆகவில்லை, நீ சொன்னது பலித்துவிடும் போலிருந்தது.

பாஸ்டர் உபவாச ஜெபம் இருப்போம் என்றார். கூட வந்தவர்களில் ஒருவர், ஆன்ட்டி, உங்க கடையிலிருந்து எல்லாருக்கும் புதுக் குடம் இறக்கிடுங்க, சரியாப் போயிடும் என்றார். நான் மாட்டேன் என்றேன். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் குடம் இல்லையென்று யார் சொன்னது, போனது அவர்கள் முறை, அதற்குக் குடத்தைக் கொடுத்தால் அது வாயை அடைக்கிற வேலை. நான் நேராகப் புஷ்பவல்லி வாசலுக்குப் போனேன். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் வீட்டுக்கு ஒருத்தி ஏவாரத்தை விட்டுக் காத்துக் கிடக்கிறீர்கள், நாங்கள் இருக்கிற வரைக்கும் வரிசையை நான் காக்கிறேன், குடத்தை நிரப்பி வாசலில் வைப்பது எங்கள் ஆட்கள் பொறுப்பு, நீங்கள் மீன் விற்கப் போங்கள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எந்தக் கொடம் எந்த வூட்டுதுன்னு உனுக்கு இன்னா தெரியும், ராயபுரத்து அம்மா, என்றாள். இரண்டு நாள் டைம் கொடு, நீயே பரீட்சை வை என்றேன். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, அவளால் மறுக்க முடியவில்லை.

அந்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய்க் குடத்தைப் பார்த்தேன். குடம் எனக்குப் புதுசா. எது எந்த அச்சில் வந்தது, எதன் கழுத்து அகலம், எதற்கு அடி தேய்ந்திருக்கிறது, எதில் ஓட்டையைச் சூடு வைத்து அடைத்திருக்கிறது, எல்லாம் மனசில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறுபத்து நாலையும் தெருவில் கலைத்துப் போட்டார்கள். ஊரே கூடிவிட்டது, சுப்புராயன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி அவரவர் முன்னால் வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு குடத்துக்கும் விசில் பறந்தது. கடைசியில் புஷ்பவல்லி முன்னால் கழுத்தில் சூடு வைத்த நீலக் குடத்தை வைத்தேன். அவள், தப்பு, இத்தான் எங்க வூட்டு கொடம் என்று பக்கத்து வீட்டுக்காரியின் பச்சைக் குடத்தைக் கையில் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். புஷ்பவல்லி பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை பெர்சிஸ், நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண்ணில் புரை மூடியிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று கத்தியிருக்கலாம். நான் தலையில் அடித்துக்கொண்டு, ஐயோ, மாத்தி வச்சிட்டேன், ஒண்ணு தப்பாப் போச்சு என்று ஊர் கேட்கச் சொன்னேன். அறுபத்து மூணு சரி, பாஸு பாஸு என்று சுப்புராயனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்த சூட்டோடு பொய் சொன்னதைப் பாஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன், அவர் குனிந்து பைபிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் புஷ்பவல்லி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அந்த வீட்டுக்காரி வந்து கொடத்த மாத்திகினு பூட்டா, தெரிஞ்சிகினே இன்னாத்துக்குத் தப்பு உன்னுதுன்னு சொன்ன என்று கேட்டாள். வாங்க வந்தவங்க முகத்த நாலு பேர் முன்னாடி சுருங்க வச்சா கடை நடத்த முடியுமா என்றேன். அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், ஒரு வருஷமாக மீன் செவுளின் சிவப்புத் தெரியாமல் மோந்து பார்த்துத்தான் வாங்குகிறாளாம், மருமகளுக்குத் தெரிந்தால் கூடையைப் பிடுங்கி மூலையில் உட்கார வைத்துவிடுவாளாம், அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம். நோட்ட எடு, மொதல் பேரு எம்பேர எழுது என்றாள். அடுத்த நாள் என் பேனாவில் மை தீர்ந்துபோகிற அளவுக்குப் பெண்கள் வந்தார்கள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். லாரி காலையில் ஏழுக்கும் வந்தது, மத்தியானம் மூன்றுக்கும் வந்தது. பெண்கள் நிம்மதியாக மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்கள், ஒரு சண்டை கிடையாது. முகாமுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதினெட்டுப் பேரை ஆபரேஷனுக்கு அழைத்துப்போனார்கள், புஷ்பவல்லிக்கு வலது கண். கடைசி ஞாயிறு ஆராதனைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, எங்க அம்மனாண்ட சொல்லிட்டுத்தான் வந்துகீறேன், ஒண்ணும் கோச்சிக்காது என்று பாஸ்டரிடம் சொன்னாள்.

நாங்கள் கிளம்பிய அன்று காலையில் கடைசி முறையாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். திடீரென்று, லாரி வருது லாரி வருது என்று தெரு அதிரக் கத்தினாள். எனக்கு ரோட்டில் ஒன்றுமே தெரியவில்லை. அதோ அந்தப் பாலத்தும்மேல, உனுக்குத் தெரியல, என்று கை நீட்டினாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் என் கண்ணுக்கு அது லாரியாகத் தெரிந்தது. தெருவே ஓடி வந்தது. அவள் என்னைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, நீ வேனுக்குக் கெளம்பு, இனிமே காலையில நான் பாத்துக்கறேன், மத்தியானத்துக்கு ஆள் போட்டாச்சு என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பெர்சிஸ், நான் கடை திறந்த நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வேன் எண்ணூர் தாண்டும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

உங்கப்பா ஒரு மாசத்தில் கடையை நன்றாகவே பார்த்துக்கொண்டார், சர்க்கரை போட்ட டீயைத்தான் ரஷீது பாயோடு சேர்ந்து அளவில்லாமல் குடித்திருக்கிறார், நீ போனில் இரண்டு வார்த்தை கண்டித்து வை. மாப்பிள்ளையிடம் பனியில் கார் ஓட்டும்போது அவசரம் வேண்டாம் என்று சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கையிட்டுச் செய்கிற வேலையையெல்லாம் ஆசீர்வதிப்பாராக. உன் கடைவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, காட்டிவிட்டேன் என்று எனக்குச் சொல்ல வேண்டும், மறந்தேன் என்று சொல்லக்கூடாது.

ஜெபத்தோடும் முத்தத்தோடும்
உன் அம்மா
ஹில்டா ரகுபதி