மஞ்சள் துணி சுற்றிய டப்பா

12 செப்டம்பர் 1959, சனி. திருப்பதி

இன்று ஒரு ஆபீஸ் குமாஸ்தா என் மானத்தை வாங்கிவிட்டுப் போனார். இரண்டு இட்லி, ஒரு காபி. எழுந்திருக்கும்போது டம்ளருக்கு அடியில் இரண்டணா கிடந்தது. எடுக்கக் கை நீட்டினேன். விடுவிடுவென்று திரும்பி வந்து, “அது உனக்கு வச்சதில்லப்பா, மறந்துட்டேன்” என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைத் துடைத்தேன்.

பதினாறு வருஷம் இந்த ஓட்டலில் சர்வர். நின்றது நின்றபடி. முதலாளி நாகபூஷணம் சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் ஒரே பதில்தான்: “அதான் டிப்ஸ் வருதே.” என் சம்பளத்தை ஊரில் யார் யாரோ கொடுக்க வேண்டுமாம்.

எனக்காவது டம்ளர் அடியில் ஏதோ கிடைக்கிறது. பின்கட்டில் மாவரைக்கிற சென்னக்காவை எந்தக் கிராக்கி பார்க்கிறான்? இட்லி பூவாட்டம் இருக்கிறது என்று சொல்லி என் கையில் காசை வைக்கிறான்! அவளுக்கு வலது மணிக்கட்டு ஒரு மாசமாக வீங்கிக் கிடக்கிறது. குழவியை இடது கையால் தள்ளுகிறாள்.

14 செப்டம்பர்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கல்லாவில் ஒரு டப்பா வைக்கலாம், பில் கொடுக்கிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போடட்டும், புரட்டாசி முடிந்ததும் திறந்து எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று.

“பேஷா வை முனிகிருஷ்ணா” என்றார். உடனே. ஒரு கட்டு வாழையிலை கேட்டாலே மூன்று நாள் யோசிக்கிற ஆள்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கன்னையாதான் குதித்தான். என்னோடு மேசை பார்க்கிறவன். “நான் பல்லக் காட்டிக் காட்டி வாங்கினு வர்றேன், அடுப்பங்கரைக்கு இன்னாத்துக்குப் பங்கு?” “அவ அரைக்கலைன்னா நீ எதைத் தூக்கினு போவே, வெறுந்தட்டையா?” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். முதல் தடவை திறப்பது மட்டும் முழுசும் சென்னக்கா கைக்கு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டிக்கொண்டு வரட்டும். அவளிடம் நானே சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

18 செப்டம்பர், வெள்ளி

டப்பா வந்தாயிற்று. பழைய பிஸ்கட் தகர டப்பா. தகரக்காரன் மேலே வாய் வெட்டிப் பூட்டுக்கு வளையம் வைத்துக் கொடுத்தான். சாவி முதலாளியிடம்.

ஒரு பக்கம் துரு. சென்னக்கா தன் மூட்டையிலிருந்து மஞ்சள் துணி கிழித்துக்கொண்டு வந்து சுற்றினாள். மஞ்சள் பூசி, குங்குமமும் வைத்தாள். “புச்சு சாமான், வெள்ளிக்கெழம. சும்மாவா வைக்கிறது?” நியாயம்தானே, எந்தப் புதுச் சாமானை நாம் சும்மா வைத்திருக்கிறோம். ‘தொழிலாளர் இனாம்’ என்று அட்டையில் நான் எழுதினேன். கீழே தெலுங்கில் முதலாளி எழுதினார்.

19 செப்டம்பர்

புரட்டாசி முதல் சனிக்கிழமை. உட்கார நேரமில்லை. துன்னவும் இல்லை.

23 செப்டம்பர்

இன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். மலையிலிருந்து இறங்கி வந்தவர், புது மொட்டை, சந்தனம்கூடக் காயவில்லை. பில்லைக் கட்டினார். டப்பாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்! காசைக் கண்ணில் ஒற்றி, “கோவிந்தா” என்று உள்ளே போட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டு போனார். பின்னால் வந்த அவர் குடும்பமே வரிசையாகப் போட்டது.

பின்கட்டில் சொன்னேன். சென்னக்கா, “யாரை நெனச்சுப் போட்டா இன்னா, விழறது நம்ம டப்பாலதானே” என்றாள்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, இது உண்டியல் இல்லை, எங்கள் இனாம் என்று. வாய் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா?

30 செப்டம்பர்

அட்டை எங்கோ விழுந்துவிட்டது. முதலாளி எடுத்து வைக்கவில்லை. நானும் தேடவில்லை.

சித்தூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் மட்டும் டப்பாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். இனாம் என்றேன். “காபிக்குக் குடுத்துட்டேன். கூலி குடுக்க வேண்டியவரு இதோ கல்லாவுலயே உக்காந்திருக்காரு. அவரு குடுக்காததை நான் எதுக்குக் குடுக்கணும்?” முதலாளி, “இஷ்டமிருந்தா போடுங்க சார், இல்லாட்டி வேணாம்” என்று இளித்தார். எனக்கு வந்த கோபம் வாத்தியார்மேல்தான். கஞ்சப் பிசினாறி என்று மனதுக்குள் திட்டினேன்.

வீட்டில் சுலோசனாவிடம் சொன்னால் அவள் சோற்றைப் போட்டபடியே, “அவுரு சொன்னதுல இன்னா தப்பு?” என்கிறாள். குழம்பில் உப்பு இல்லை என்றேன்.

18 அக்டோபர், ஞாயிறு

திறந்தார். ஒன்றும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் கல்லாவைச் சுற்றி நின்றோம். சென்னக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடைசியில் நின்றாள். முதலாளி டப்பாவைக் கவிழ்த்தார். சில்லறை மலையாகக் கொட்டியது. நடுவே ஏழெட்டு மஞ்சள் முடிச்சுகள், வேண்டுதல் முடிச்சுகள். ஒன்றை அவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் வெட்டின ஒரு கை. யாரோ கை குணமாக வேண்டிக்கொண்டு, மலை ஏறுமுன் இங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலாளி அதைத் தூக்கிப் பிடித்தார். “வெள்ளிக் கையை எவனாச்சும் டிப்ஸா போடுவானா? சொல்லுங்கடா. இது தேவுடு சொம்மு. சாமி காசைத் துன்னா குடும்பம் வெளங்குமா?”

சாமி காசு என்றதும் கன்னையாகூட ஓரடி பின்னால் போனான். “முடிச்சு சாமிக்கு, சில்லறை எங்களுக்கு” என்று நான் சொல்ல வாயெடுத்தேன். “எது முடிச்சுக்காரன் சில்லறை, எது இட்லி துன்னவன் சில்லறை, நீ பிரிச்சுக் காட்டு பார்ப்போம்” என்றார். எப்படிக் காட்டுவேன்? மஞ்சள் பூசியது நாங்கள். அட்டையைத் தேடாதது நான்.

எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டார். மலைக்குக் கொண்டுபோவாராம். சென்னக்கா அந்த வெள்ளிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாவு புளித்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

20 அக்டோபர்

இனி மேசையில் காசு எடுக்கக் கூடாதாம். கொடுக்கிறவர்கள் டப்பாவில் போடட்டுமாம். டப்பா அங்கேயே இருக்கிறது, பூட்டோடு. கன்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தான். “உன் யோசனை, உன் எழுத்து. நல்லா இருய்யா!” வேலையை விட்டுப் போய்விட்டான்.

முதலாளி மலைக்குப் போன மாதிரித் தெரியவில்லை. மொட்டையும் இல்லை, லட்டும் இல்லை.

5 நவம்பர்

சென்னக்கா கேட்டாள். “தம்பி, நீ சொன்னா அவுரு கேப்பாரு. வேலூருக்குப் போய்வர பஸ் காசு, டாக்டர் காசு. சும்மா வேணாம், சம்பளத்துல புடிச்சுக்கட்டும்.” மணிக்கட்டு இப்போது முழங்கையோடு சேர்ந்து பருத்திருக்கிறது. விரல் மூடவில்லை.

போனேன். சத்தியமாகக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் ஆரம்பித்துவிட்டார். திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸ் பக்கம் போகிறதாம், அது நிச்சயமாம். தமிழ்ச் சனம் இனி அங்கேதான் குவியுமாம். அங்கே ஒரு கிளை போடுகிறாராம். “கல்லாவுக்குத் தமிழ் எழுதத் தெரிஞ்ச, வாய் அதிகம் பேசாத ஆள் வேணும். நீ உக்காந்துக்கோ.”

உட்கார்ந்துகொள்! பதினாறு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை. “நீ இன்னா கேக்க வந்தே?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

சென்னக்கா படியில் காத்திருந்தாள். “கேட்டேன் அக்கா, பார்க்கலாம்னாரு” என்றேன். தூ. என்ன ஜென்மம் நான்.

22 நவம்பர்

சென்னக்காவை நிறுத்திவிட்டார்கள். ஒரு கையால் அரைத்தால் மாவு கொரகொரப்பாக இருக்கிறதாம். சொந்த ஊருக்கு, குடிபாலா பஸ்ஸில் ஏறினாள் என்று தண்ணீர் தூக்குகிறவன் சொன்னான். நான் அப்போது மேசையில் இருந்தேன். இருந்தேன் என்று எழுதிவைக்கிறேன். பஸ் ஸ்டாண்டு நூறு அடி.

1 ஏப்ரல் 1960, வெள்ளி. திருத்தணி

இன்று முதல் இந்த ஊர் மெட்ராஸ் ராஜ்யம். தெருவில் வெடி, மிட்டாய். அதே நாளில் கடை திறப்பு. நாற்காலிக்குக் கை வைத்திருக்கிறது. மத்தியானம்வரை அதன் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்கிற மாதிரி.

முதலாளி திருப்பதியிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். புது மஞ்சள் துணி. முன்பக்கம் சிவப்பில் வேல் வரைந்திருக்கிறது. “அட்டை எழுதட்டுமா?” என்றேன். “எதுக்கு?” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

2 ஆகஸ்ட் 1960

ஆடிக் கூட்டம். வரிசை தெருவரை. நிமிராமல் பில் வாங்கிக்கொண்டிருந்தேன். இடது கை ஒன்று காசை நீட்டியது. யாரடா இடது கையால் கொடுப்பது என்று நிமிர்ந்தேன்.

சென்னக்கா. இளைத்துக் கறுத்துப்போயிருந்தாள். வலது கை மடங்கினது மடங்கினபடி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. விரல்கள் காய்ந்த அவரைக்காய்போல. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“நல்லாக்கீறியா தம்பி?” என்றாள். “இருக்கேன் அக்கா.” வேலூருக்குப் போனாயா என்று கேட்கவில்லை. கையே சொல்லிக்கொண்டிருந்தது. மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். அவள் நகரவில்லை. டப்பாவைப் பார்த்தாள். துணியை, குங்குமத்தை, வேல் படத்தை.

“இது யாருக்குப்பா?”

அவளுக்குத் தெரியாதா? துணி சுற்றியவளே அவள்தான். பின்னால் காவடிக்காரர்கள், நெரிசல். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே முதலாளி.

“சாமிக்கு” என்றேன்.

தலையை ஆட்டினாள். நான் கொடுத்த சில்லறையிலிருந்து ஒரு காசை எடுத்து இடது கையால் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டாள். விழுகிற சத்தம் கேட்டது.

“உக்காருப்பா. இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறே?” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனாள்.

உட்கார்ந்தேன்.