அம்மா நாற்பத்தொரு முறை செத்த விஷயம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மா மட்டும் இன்று சாயங்காலத்திலிருந்து நான்கு முறை செத்துவிட்டாள், மற்றபடி அவளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலையைத் துவட்டுகிறாயா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இதைப் போர்வைக்குள் உட்கார்ந்து வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் திட்டாதே. நாளைக் காலையில் அப்பா வேலைக்குப் போகிற வழியில் உனக்கு ஒரு கவரைத் தபாலில் போடப்போகிறார். அதில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இருக்கிறது. அதை நம்பாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். அம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறாள், நடுவில் ஒரே ஒரு சுவர், பிடிபட்டால் என் தோலை உரித்துவிடுவாள்.

நீயும் அவளும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்றுதான் போன வருஷத்திலிருந்து கடிதம் என்று ஆயிற்று. அம்மாவோ நாள் பூராவும் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறிக்கிறவள், எண்ணைத் தவிர எதை எழுதினாலும் அது அவளுக்கே புரியாது, அதனால் எழுதுகிற வேலை என் தலையில். நீ போன கடிதத்தில் எழுதியிருந்ததை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். உன் ஆபீசில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு வருஷமாகச் செய்கிற அந்தப் பயங்கரக் கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிடுவதா, மூட்டை கட்டி மூலையில் போடுவதா என்று மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்கள், ஒவ்வொருவரும் வீட்டு ஆட்களை விளையாடச் சொல்லி, மறுபடி விளையாடத் தோன்றுகிறதா, தோன்றினால் எதனால் என்று உண்மையாக எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும், அம்மாவும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடைசி வரியை நீ எழுதியிருக்கவே கூடாது அக்கா. அதைக் கேட்டதும் அம்மா முகத்தில் பல்பு எரிந்தது. விளையாடிப் பார்த்த பிறகு, முந்தாநாள் என்னை உட்காரவைத்து, பார்த்தோம், ஒரே இருட்டாக இருக்கிறது, ஒரு தடவை பார்த்தவர் மறுபடி தொடமாட்டார், நீ பெட்டியைக் கட்டு என்று மூச்சு விடாமல் சொன்னாள். தொடமாட்டார் என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, மவுஸை அழுத்தி அழுத்தி வீங்கிப்போன ஆள்காட்டி விரலை அவள் நீவிக்கொண்டிருந்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் பழைய கம்ப்யூட்டரில் நான் அதைப் போட்டுக் கொடுத்ததும் அப்பாதான் முதலில் உட்கார்ந்தார். வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கக் கட்டிய கட்டடம், ஆனால் மாடிகள் மேலே போகாமல் கீழே கீழே இறங்குகின்றன, கையில் ஒரு விளக்கு, அடியில் என்னமோ தூங்குகிறது, அதை முழுதாகப் பார்த்தவர் யாருமில்லை என்று நீ எழுதியிருந்ததை நான் நடுங்கிக்கொண்டே அவருக்குப் படித்தேன். அப்பா ஒரு கொத்தனார் என்பதை நீங்கள் யோசிக்காமல் விட்டுவிட்டீர்கள். முதல் அறையிலேயே நின்றுகொண்டு தூணை மேலும் கீழும் பார்த்தார். கூரைக்கு மேல வானம் இருக்கட்டும், தரைக்குக் கீழயும் வானம்னா அப்ப அஸ்திவாரத்தை எதுல போட்டான், என்று கேட்டார். அடுத்த அறை வெளியிலிருந்து சின்னதாகவும் உள்ளே போனால் பெரிதாகவும் இருந்தது அல்லவா, அங்கே விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதுக்கு அளவெடுத்தவனைக் கூப்பிடு, நான் பேசிக்கிறேன் என்றார். அவர் பின்னால் உடம்பெல்லாம் கண் கண்ணாக இருக்கிற அந்த ஜந்து வந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல் சுவரைத் தடவிப் பூச்சு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனார். எழுந்து கைகால் கழுவிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவர் அவ்வளவுதான், அவரை உங்கள் ஆபீஸ் கணக்கில் எடுக்காதே.

அம்மா அப்படி இல்லை. மீட்டர் பார்க்கப் போகிற மாதிரியே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் மாடியில் எங்கே கதவு, எங்கே படி என்று படம் போட்டுக்கொண்டே போய் மூன்றாவது நிமிடத்தில் செத்தாள். சரி என்று மறுபடி ஆரம்பித்தால் அறைகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. இங்க இருந்த படிக்கட்டை யாருடி எடுத்தது, என்று என்னை முறைத்தாள், என்னமோ நான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி. செத்தால் முதலிலிருந்துதான், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும், கையில் சேர்த்தது எதுவும் மிஞ்சாது என்று சொன்னேன். நல்லா இருக்கு நியாயம், என்று நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். இதுதான் நீங்கள் பயந்த பதில் என்று நானும் நினைத்தேன்.

அதற்குள் எனக்கு வேறு வினை வந்து சேர்ந்தது. அந்த ஜந்து வருவதற்கு முன்னால் கல்லைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறாயே, அது நீ செய்ததுதானே? சத்தம் செய்கிற வேலை என்று நீ சேர்ந்தபோது, என் பெரிய பொண்ணு ஆபீஸ்ல சத்தம் போடுறா என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போதுதான் அதன் அர்த்தம் புரிகிறது. நம் பள்ளிக்கூடத்தில் போன வாரம் வராந்தாவில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். அதே சத்தம். நான் அப்படியே நடுவழியில் குந்தி உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வகுப்பு முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கணக்கு டீச்சர் வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்க, சத்தம் போடாதீங்க டீச்சர், விளக்கை அணைச்சுட்டு உக்காருங்க, போயிடும் என்று சொல்லிவிட்டேன். டைரியில் அரைப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வீட்டில் அதை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா படித்தாள், திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏண்டி, உக்காந்துட்டா அதுக்குத் தெரியாதா, என்று கேட்டாள். எதற்கு அம்மா என்றேன். எதுக்கும் இல்ல, சும்மாதான், போய்ப் படி என்றாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக ஆறாவது தளத்தைத் தொட்டாள்.

ஆமாம் அக்கா, தினமும் விளையாடுகிறாள். ஆபீஸ் வேலை இருக்கு, யாரும் உள்ள வராதீங்க என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதால் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்கே தெரிவதில்லை. அப்பா அவள் ஆபீசில் யாரையோ போனில் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை கண்ணு இருக்கே, எதிர்ல ஆள் வர்றது தெரியல, என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள், இரு இரு, கதவைச் சாத்திட்டு வர்றேன், பறக்காதே, என்று கெஞ்சினாள். ஐயோ என்று ஒரு குரல் வந்தால் ஒரு சாவு, சுவரில் காதை வைத்து எண்ணிக்கொண்டு வருகிறேன், இதுவரை நாற்பத்தொன்று.

மறுபடி மறுபடி ஏன் போகிறாள் என்பதுதானே உங்கள் ஆபீசுக்கு வேண்டும்? ஒரு தடவை செத்த பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அப்பாடா, செத்தாச்சு, எவனும் விளக்கம் கேக்கல, என்றாள். அவள் ஆபீசில் நாய் துரத்தியதற்கே எழுத்துமூலமாக விளக்கம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், உனக்குத் தெரியும். இங்கே கதவு மறுபடி திறக்கிறது, அவ்வளவுதான். அடியில் தூங்குகிற அந்தப் பெரியது லேசாகப் புரண்டு படுத்ததை அம்மா முதலில் பார்த்த அன்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பல் கிட்டியது, அந்தப் பக்கம் அம்மா, எவ்வளவு பெரிசு, ஆனா பாரு, இதுக்கு என் மேல ஒரு கோபமும் இல்ல, நான் இருக்கிறதே தெரியாது, மேலதிகாரின்னா இப்படி இருக்கணும், என்று சொல்கிறாள். விளக்கு போச்சு, சாவி போச்சு, ஆனா புத்தி போகல, என்றும் ஒருநாள் சொன்னாள். அதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் பறிபோகிறது, ஆனால் எந்தச் சத்தத்துக்கு நிற்க வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்று தலையில் ஏறியது மட்டும் அடுத்த பிறவிக்கும் கூட வருகிறது. அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது நானும் விளையாடுகிறேன், எனக்கும் பயம்தான், திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம், திரையில் தெரிவது நம்முடைய இரண்டு கை மட்டும்தானே. ஆனால் பரீட்சைப் பயத்தை நடுவில் நிறுத்திவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக முடியாது. இந்தப் பயத்தை முடிகிறது. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று கால் தானாகத் திரும்புகிறது. இதை அப்படியே எழுதிக் கொடு.

நீ வந்தால் எனக்கு நல்லதுதான். போர்வைக்குள் தனியாகக் கிடக்க வேண்டாம், உன் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்கலாம். அதனாலேயே அம்மா சொன்னது அப்படியே போகட்டும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நம்பி நீ அழுதுகொண்டு வந்து நின்றால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது, அந்தப் பொய் என் கையெழுத்தில் அல்லவா இருக்கிறது. அதனால் அக்கா, நீ ராஜினாமாவை எழுதாதே, எழுதியிருந்தால் கிழித்துவிடு, இதோ நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது, அம்மா எழுந்து

மாட்டிக்கொண்டேன். போர்வையோடு தூக்கிவிட்டாள். நின்றபடியே எல்லாத் தாளையும் படித்தாள், நான் குந்தி உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், அது அம்மாவிடம் பலிக்காது என்று இன்று தெரிந்துகொண்டேன். படித்து முடித்துவிட்டுத் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். பிறகு, நாப்பத்தொண்ணு இல்லடி, நாப்பத்தி மூணு, ரெண்டு தடவை சத்தம் போடாம செத்தேன், என்றாள். பிறகு லைட்டைப் போட்டு, எந்திரி, ஒழுங்கா உக்காந்து எழுது என்றாள். இனி வருவது அம்மா சொல்வது, நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

பெரியவளே, நீ வர வேண்டும் என்று சொன்னது பொய் இல்லை. மறுபடி தொடமாட்டார் என்று சொன்னது பொய். சின்னவள் சுவரில் காதை வைத்துக் கேட்டதெல்லாம் சரிதான், ஆனால் ஹெட்ஃபோனுக்குள் இருப்பது அவளுக்குக் கேட்காது. ஓடி வந்து இருட்டில் நிற்கும்போது மூச்சு வாங்குகிற சத்தம் ஒன்று வருகிறதே, மூன்றாவது மூச்சில் ஒரு சின்னக் கீச்சு, அது யாருடையது என்று என்னிடம் கதை விடாதே. ஆறு வயதில் உனக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் உன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஆள் கிடைக்கவில்லை என்று உன் மூச்சையே மைக்கில் பிடித்துப் போட்டுவிட்டாயா? அந்தக் கண்காரன் துரத்துவதெல்லாம் எனக்கு அப்புறம்தான், நான் சும்மாவே ஓடி ஓடி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். செத்தால் அது நின்றுவிடுகிறது, அதனால்தான் உடனே மறுபடி ஆரம்பிக்கிறேன். இதை ஆபீசில் சொல்லாதே, வேறு யாருக்கும் இது பொருந்தாது, அங்கே சின்னவள் எழுதியதைக் காட்டு. முதல் கடிதத்தையும் அனுப்புகிறேன், அதை நீயே வைத்துக்கொள், கிழிக்காதே. விளையாட்டு நன்றாக இருக்கிறது. வருவதாக இருந்தால் லீவு போட்டுவிட்டு வா, வேலையை விட்டுவிட்டு வராதே.

அந்தக் கீச்சு இன்னும் இருக்கிறது என்றால் நீ மருந்தை ஒழுங்காக இழுக்கவில்லை என்று அர்த்தம், நாளைக்கே டாக்டரைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுது. குளிரில் வாயால் மூச்சு விடாதே. நூறு வயது, அதுவும் ஒரே உயிரில், நன்றாக இரு.

இப்படிக்கு
அம்மா,
இப்போதைக்கு ஏழாவது தளம்.